மழுப்புதல் என்னும் சொல்

சில சொற்களின் பொருளைக் கேட்டால் எவரும் உடனே சொல்லிவிடுவர். அப்பொருளின் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்டாலோ தயங்குவர். 'மழுப்புதல்' அத்தகைய ஒரு சொல். "கேட்டதற்கு விடை சொல்லாமல் மழுப்புகிறான்" என்று அன்றாடம் சொல்லுகிறோம். அவன் பொய் சொன்னான் என்று அதற்குப் பொருள் இல்லை. வாய் திறவாதிருந்தான் என்றும் பொருள் இல்லை. ஏதோ பேசினான், பேச்சில் விடை மட்டும் இல்லை. மெய்க்கும் பொய்க்கும் மௌனத்துக்கும் இடையே கிடக்கும் இந்த நிலத்தில் நம்மில் பலர் நாள்தோறும் நடமாடுகின்றோம். இது குற்றந்தானா, குற்றமாயின் எவ்வளவு பெரிய குற்றம் என்பதை, உற்சவத்துக்கு வந்து மண்டபத்தில் இளைப்பாறும் சேவார்த்திகளோடு சிறிது ஆராய விரும்புகிறேன்.

'மழுங்குதல்' என்றால் கூர் கெடுதல். 'மழுக்குதல்' என்றால் கூரைக் கெடுத்தல். 'மழுமழு' என்பது கைக்கு எதுவும் தட்டுப்படாத வழுவழுப்பைக் குறிக்கும். 'மழுப்புதல்' ஓசையாலும் பொருளாலும் இச்சொற்களின் அண்டை வீட்டில் குடியிருக்கிறது. வினா என்பது முனையுள்ளது. அது ஓரிடத்தைக் குறிவைத்து வருகிறது. மழுப்புகிறவன் வினாவைத் தடுப்பதில்லை, எதிர்ப்பதுமில்லை. அதன் முனையைத் தேய்த்து, கேட்டவனிடமே பணிவோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறான். கேட்டவனும் ஏதோ பெற்றுக்கொண்டவனாக வீடு போய்ச் சேர்ந்து, பிறகுதான் தன் கையில் ஒன்றும் இல்லை என்பதைக் காண்கிறான்.

இதற்கு உறவான சொற்கள் தமிழில் பல. ஆயினும் ஒன்றற்கு மற்றொன்று ஈடாகாது. நழுவுகிறவன் ஆளே அகன்றுவிடுகிறான். தட்டிக்கழிக்கிறவன் ஒரு வேலையை அல்லது கடமையை ஒதுக்குகிறான். அதற்குப் பேச்சுக்கூட வேண்டியதில்லை. சாக்குச் சொல்கிறவன் ஒரு காரணம் காட்டுகிறான். அக்காரணம் உண்மையாகவும் இருக்கலாம். பூசி மெழுகுகிறவனுக்கு முன்பே நேர்ந்துவிட்ட ஒரு விரிசல் இருக்கிறது. அதை மறைப்பதே அவன் நோக்கம். மழுப்புவதற்கோ எதிரே ஒருவர் நின்று கேட்டாக வேண்டும். கேள்வி இல்லாத இடத்தில் மழுப்பல் இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்றும், பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்றும் நம் பெரியோர் நீர்வாழ்வனவற்றையே இதற்கு உவமை காட்டினர். பிடி கொடாமை என்னும் ஒரு குணத்துக்காகவே பாவம், அந்த மீன்களுக்கு இந்தப் பெயர்.

நம் இலக்கணக்காரர்கள் விடையைப் பற்றி நுட்பமாக ஆராய்ந்திருக்கின்றனர். வினாவும் செப்பும் வழுவாமல் காக்கப்பட வேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து. ஊருக்கு வழி கேட்டவனிடம் காளையின் விலையைச் சொல்வது செப்பு வழு. பவணந்தி முனிவரோ நன்னூலில் விடையை எட்டாகப் பகுத்தார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இவற்றுள் முதல் மூன்றும் நேரான விடைகள். பின் ஐந்தும் நேரல்லாதனவாயினும் விடையின் பொருளைத் தருவதால் ஏற்றுக்கொள்ளப்பட்டவை.

இதனைத் திருவிழாச் சூழலிலேயே வைத்துப் பார்க்கலாம். "தேர் வடம் பிடிக்க வருவாயா?" என்று ஒருவர் கேட்கிறார். "வருவேன்" என்றால் நேர். "வரமாட்டேன்" என்றால் மறை. "நீரே போய்வாரும்" என்றால் ஏவல். "வராமல் இருப்பேனா?" என்பது வினாதல். "கால் சுளுக்கியிருக்கிறது" என்பது உற்றது உரைத்தல். "வெயிலில் மயக்கம் வருமே" என்பது உறுவது கூறல். "தீர்த்தவாரிக்கு வருகிறேன்" என்பது இனமொழி. வழி எது என்று கேட்டவனுக்கு இது என்று காட்டுவது சுட்டு. இவ்வெட்டில் எதைச் சொன்னாலும் கேட்டவருக்கு ஆள் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடுகிறது. வடத்துக்கு வேறு ஆள் தேடிக்கொள்வார். ஆனால் நாம் பெரும்பாலும் சொல்லும் விடை எது? "பார்க்கலாம்." இந்தச் சொல்லை எட்டில் எந்த அறையில் வைப்பது? நேரும் அன்று, மறையும் அன்று. உற்றதும் இல்லை, உறுவதும் இல்லை. பவணந்தியார் வகுத்த வீட்டில் இதற்கு இடமே கிடையாது. சுற்றிவளைத்துச் சொல்வது குற்றமன்று, விடையின் பொருள் கேட்டவரைச் சேராமற்போவதே குற்றம் என்பது இதனால் விளங்குகின்றது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'போகிறேன்' என்னாமல் 'வருகிறேன்' என்கிறோம். விளக்கு அணைந்ததை 'மலையேறிற்று' என்றும், வீட்டில் அரிசி தீர்ந்ததை 'நிறைந்திருக்கிறது' என்றும் சொல்லும் மரபு உண்டு. இவை மழுப்பலா? அல்ல. இலக்கணம் இவற்றை மங்கல வழக்கு என்று தனியே பெயரிட்டுப் போற்றுகிறது. அரிசி நிறைந்திருக்கிறது என்று மனையாள் சொன்னதும் கணவர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுகிறார், எவரும் ஏமாறவில்லை. சொல் மென்மையாயிற்றே தவிரச் செய்தி மழுங்கவில்லை.

வடமொழியில் நியாய சாஸ்திரம் இயற்றிய கௌதமர் இதைவிடக் கண்டிப்பானவர். வாதத்தில் ஒருவன் தோற்றான் என்று முடிவு கட்டுவதற்குரிய இடங்கள் இருபத்திரண்டு என்று அவர் எண்ணிக் காட்டினார். நிக்ரஹ ஸ்தானம் என்பது அவற்றின் பெயர். எடுத்த பொருளை விட்டு வேறு பொருளுக்குத் தாவுவது அவற்றுள் ஒன்று, அர்த்தாந்தரம் என்பர். "எனக்கு அவசர வேலை இருக்கிறது" என்று சொல்லி வாதத்தை நடுவில் முறித்துக்கொண்டு கிளம்புவதும் ஒன்று. அதற்கு விக்ஷேபம் என்று பெயர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த அவசர வேலை புழக்கத்தில் இருந்திருக்கிறது என்பதில் நமக்கு ஒரு சிறு ஆறுதல்.

இலக்கணமும் தருக்கமும் இவ்வளவில் நின்றுவிடுகின்றன. அறத்தின் வழக்கு மகாபாரதத்தின் சபா பருவத்தில் நடக்கிறது. தருமபுத்திரர் சூதில் முதலில் தம்மையே இழந்தார். அதன் பிறகு திரௌபதியைப் பணயம் வைத்து இழந்தார். அழைக்க வந்த பிராதிகாமியிடம் அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. ஒரு வினாவைக் கொடுத்தனுப்பினாள். முதலில் தோற்றது உம்மையா, என்னையா என்று அந்தச் சூதாடியைக் கேட்டு வா என்றாள். முனை மிகக் கூரிய வினா. தம்மை இழந்தவருக்குப் பிறரைப் பணயம் வைக்க உரிமை ஏது என்பது அதனுள் அடங்கியிருக்கிறது. தருமபுத்திரர் உயிரற்றவர் போல அமர்ந்திருந்தார், விடை வரவில்லை.

பிறகு அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அவள் அதே வினாவைச் சபையினரிடம் கேட்டாள். பீஷ்மர் என்ன சொன்னார்? பொருள் இல்லாதவன் பிறர் பொருளைப் பணயம் வைக்க இயலாது, ஆயினும் மனைவி கணவனுக்கு அடங்கியவள், தர்மம் நுட்பமானது, ஆதலால் உன் வினாவுக்கு முடிவு சொல்ல என்னால் இயலவில்லை என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தர்மம் நுட்பமானதுதான். ஆனால் ஒரு பெண்ணின் கூந்தலைப் பிடித்து ஒருவன் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் அந்த மெய் எந்தப் பணியைச் செய்தது என்று கேட்க வேண்டும். வினாவின் முனையைத் தேய்த்தது, அவ்வளவே. பிறகு மறுபடியும் அவள் கேட்டபோது, இதற்குத் தருமபுத்திரரே பிரமாணம், அவரே சொல்லட்டும் என்றார். துரியோதனனோ, வீமனும் அருச்சுனனும் நகுல சகதேவரும் சொல்லட்டும் என்றான். ஒரு வினா கை மாறிக் கை மாறிச் சபை முழுதும் சுற்றி வந்தது.

இதே பீஷ்மர்தாம் பின்னர் அம்புப் படுக்கையில் கிடந்து தருமபுத்திரர் கேட்ட ஆறு வினாக்களுக்கு ஆயிரம் நாமங்களால் விடை தந்தவர் என்பதைச் சஹஸ்ரநாமம் சேவிக்கும் அன்பர்கள் அறிவர். அங்கே ஐயமில்லை, தயக்கமில்லை. எது தலைசிறந்த தர்மம் என்று கேட்டவுடன் எனக்கு உகந்தது இதுவே என்று உறுதியாகச் சொன்னார். ஞானம் அவரிடம் எப்போதும் இருந்தது. சபையில் அமர்ந்திருந்த அன்று அவருக்குக் குறைந்தது ஞானம் அன்று என்றே அடியேனுக்குத் தோன்றுகிறது. அங்கு துணிந்து பேசியவன் வயதில் இளைய விகர்ணன். துரியோதனனுடைய தம்பியே அவன். காரணங்களை வரிசைப்படுத்தி, இவள் வெல்லப்பட்டவள் அல்லள் என்றான். சிறுபிள்ளை என்று கர்ணன் அவனை அடக்கிவிட்டான்.

அப்போது விதுரர் எழுந்து சபையினருக்குச் சொன்ன பழங்கதைதான் நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலையானது. அதன் நாயகன் நம்முடைய பிரஹ்லாதாழ்வான். அவன் மகன் விரோசனன். அங்கிரஸ முனிவரின் மகன் சுதன்வா. ஒரு கன்னியின் பொருட்டு இருவருக்கும் யார் உயர்ந்தவர் என்று வழக்கு ஏற்பட்டது. உயிரையே பணயமாக வைத்துக்கொண்டு, தீர்ப்புச் சொல்லும்படி பிரஹ்லாதனிடமே வந்தனர். தோற்றவன் உயிர் வென்றவனுக்கு. ஒரு பக்கம் பெற்ற மகன். மறுபக்கம் சுதன்வா, விடை சொல்லாவிட்டாலும் பொய் சொன்னாலும் உன் தலை நூறு துண்டாகும் என்று எச்சரித்துவிட்டு நிற்கிறான்.

பிரஹ்லாதன் கசியபரிடம் சென்று கேட்டான்: வினாவுக்கு விடை சொல்லாதவனுக்கும், தவறாகச் சொல்பவனுக்கும் நேர்வது என்ன? கசியபர் சொன்னது அஞ்சத்தக்கது. அறிந்திருந்தும் ஆசையாலோ சினத்தாலோ அச்சத்தாலோ விடை சொல்லாதவன், வருணனுடைய பாசங்கள் ஆயிரத்தைத் தன்மேல் தானே பூட்டிக்கொள்கிறான். பசுவின் காதைப் போலத் தளர்ந்து ஆடிக்கொண்டு சாட்சி சொல்பவனுக்கும் அதே ஆயிரம் பாசங்கள். ஓர் ஆண்டு நிறைந்தால் ஒரு பாசம் அவிழும். பசுவின் காது என்ற உவமையைக் கவனியுங்கள். அது எப்பக்கமும் திரும்பும். ஒரு பக்கமும் நில்லாது. மழுப்பலுக்கு இதனினும் பொருத்தமான படம் கிடைப்பது அரிது. விலாங்கு மீனைக்கூட இனி விட்டுவிடலாம்.

சபையில் ஓர் அதர்மம் நிகழும்போது அதைக் கண்டியாமல் இருந்தால், அதன் பாதி தலைவனையும், கால்பங்கு செய்தவனையும், எஞ்சிய கால்பங்கு வாளாவிருந்த சபையினரையும் சேரும் என்றும் கசியபர் பங்கிட்டார். விதுரரோ ஒரு கணக்கைச் சேர்த்தார்: தர்மம் தெரிந்தும் சபையில் வினாவுக்கு விடை சொல்லாதவன் பொய்யின் பயனில் பாதியை அடைகிறான், பொய்யே சொன்னவன் முழுவதையும் அடைகிறான். நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுவே அளவு. அரைப் பொய். சபையில் தப்பித்துக்கொண்டதாக எண்ணியவர்களின் கணக்கில் பாதி எழுதப்பட்டுவிட்டது.

பிரஹ்லாதன் மகனைப் பார்த்துச் சொன்னான்: சுதன்வா உன்னினும் மேலானவன், அவன் தந்தை என்னினும் மேலானவர், அவன் தாய் உன் தாயினும் மேலானவள், உன் உயிர் இனி அவன் கையில். பிள்ளைப் பாசத்தை விட்டுத் தர்மத்தில் நின்றமையால் உன் மகன் வாழட்டும் என்று சுதன்வா அவ்வுயிரைத் திருப்பிக் கொடுத்தான். இரணியன் முன்னிலையில், எங்கே உன் தெய்வம் என்ற கேள்விக்கு நேர்விடை சொன்ன சிறுவன், தந்தையான பிறகும் மாறவில்லை.

இக்கதையைக் கேட்டும் அரசர்கள் வாய் திறக்கவில்லை. அருச்சுனன் மட்டும் இறுதியில், எங்களைப் பணயம் வைக்கும்போது அவர் எங்களுக்குத் தலைவராகத்தான் இருந்தார். தம்மையே இழந்த பின் அவர் யாருக்குத் தலைவர் என்று கேட்டான். இது வினாவாகவே அமைந்த விடை. நன்னூலார் கணக்கில் 'வினாதல்'. நேராகச் சொல்லாவிடினும் பொருள் ஐயமறத் தெரிந்தது. அதற்குள் நரிகள் ஊளையிட்டன. திருதராட்டிரன் அஞ்சி வரம் கொடுக்கத் தொடங்கினான். திரௌபதி விடுதலை பெற்றாள். அவளுடைய வினாவுக்குச் சபை தீர்ப்புச் சொல்லவே இல்லை.

அப்படியானால் கேட்டவர்க்கெல்லாம் கேட்டதைச் சொல்லிவிட வேண்டுமா? அதற்கும் மகாபாரதமே மறுமொழி வைத்திருக்கிறது. கௌசிகன் என்றொரு தவசி. உண்மையே பேசுவேன் என்பது அவன் விரதம். கள்வருக்கு அஞ்சி ஓடிய சிலர் அவன் இருப்பிடத்துக்கு அருகே காட்டில் ஒளிந்தனர். கள்வர் வந்து கேட்டனர், அவன் இடத்தைச் சொல்லிவிட்டான், ஒளிந்தவர் கொல்லப்பட்டனர். கௌசிகன் நரகம் புகுந்தான் என்று கண்ணபிரானே கர்ண பருவத்தில் அருச்சுனனுக்குச் சொல்கிறான். பேசாமலே தப்பிக்க முடியுமாயின் அங்கே பேசவே கூடாது என்பதும் அப்பெருமான் வாக்கு. ஆகவே கேட்பவன் யார், எதற்குக் கேட்கிறான், விடையினால் காக்கப்படுவது யார், அழிவது யார் என்பனவெல்லாம் பார்க்கப்பட வேண்டியவை. கௌசிகன் மழுப்பியிருந்தால் பிழைத்திருப்பவர் பிறர். பீஷ்மர் மழுப்பியதால் காக்கப்பட்டது எது? சபையின் அமைதி மட்டுமே. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

துரோண பருவத்தில் தருமபுத்திரர், அசுவத்தாமா இறந்தான் என்பதை உரக்கச் சொல்லி, யானை என்பதைத் தெளிவின்றி முணுமுணுத்த கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதுவரை நிலத்துக்கு நான்கு அங்குலம் மேலே சென்ற அவர் தேர் அன்று தரையைத் தொட்டது. அவர் நரகம் கண்டது பொய்க்காக அன்று, கண்ணன் சொன்னதைச் சொல்லத் தயங்கியதற்காகவே என்று உபந்நியாசகர்கள் சுவைபடக் கூறுவதும் உண்டு. எப்படிக் கொண்டாலும் குற்றம் அந்த முணுமுணுப்பில் இருக்கிறது.

நம் வீடுகளுக்கு வருவோம். தந்தை காலமான பின் பிள்ளைகள் கூடிச் சொத்தைப் பேசுகின்றனர். மணமாகிச் சென்ற பெண் ஒருநாள், "அண்ணா, என் பங்கு என்ன?" என்று கேட்கிறாள். கூட்டுக் குடும்பச் சொத்தில் மணமாகாத பெண்களுக்குச் சம உரிமை தமிழகத்தில் 1989ஆம் ஆண்டிலும், பெண்மக்கள் அனைவருக்கும் நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டிலும் சட்டமாயிற்று. ஆகவே அவள் கேட்பது பிச்சை அன்று. அண்ணன் இல்லை என்று சொல்லுவதில்லை. சொன்னால் வழக்கு வரும். தருகிறேன் என்றும் சொல்லுவதில்லை. "உனக்குச் செய்யாமல் விட்டுவிடுவேனா அம்மா? நல்லது கெட்டது பார்த்து மெல்லச் செய்யலாம்" என்கிறான். உடனிருக்கும் பெரியப்பா, "குடும்ப விஷயம், எல்லாம் நுணுக்கமானது" என்று தலையசைக்கிறார். அப்பெரியவர் நல்லவர், ஒருவர் பொருளையும் தொடாதவர். அவள் ரவிக்கைத் துணியும் வெற்றிலைபாக்கும் பெற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறாள். பத்து ஆண்டு கழிகிறது. கசியபருடைய பங்கீட்டில் பெரியப்பாவுக்குரிய கால்பங்கை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அலுவலகங்களில் 'பரிசீலனையில் உள்ளது' என்பது நெடுங்காலமாக வாழ்ந்துவரும் மழுப்பல். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு ஒரு கடிவாளமிட்டது. கேட்டவருக்கு 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். தராமலிருந்தால் மறுத்ததாகவே கொள்ளப்படும். நடுநிலத்தையே சட்டம் எடுத்துவிட்டது. நன்னூலாரும் இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பார்.

எல்லாவற்றினும் கடினமானது நோயாளியின் வினா. தீராத நோயுற்ற தாய், "எனக்கு என்னடா? மருத்துவர் என்ன சொன்னார்?" என்று கேட்கிறாள். "ஒன்றுமில்லை அம்மா, வயதானால் வருவதுதான்" என்று பிள்ளைகள் மழுப்புகின்றனர். அன்பினால்தான் செய்கின்றனர், கௌசிகன் கதையை அவர்கள் தமக்குத் துணையாகக் காட்டவும் கூடும். அறிய விரும்பாதவர்மேல் செய்தியைச் சுமத்துவது கொடுமை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இங்கே கேட்பவள் கள்வன் அல்லள். தன் உயிரைப் பற்றித் தானே கேட்கிறாள். பல வேளைகளில் பிள்ளைகள் காத்துக்கொள்வது தாயை அன்று. அவள் கண்ணைப் பார்த்து அச்சொல்லைச் சொல்ல வேண்டிய அந்த ஒரு நாழிகையிலிருந்து தம்மையே. அவளுக்கோ செய்ய வேண்டியவை இருக்கலாம். பேசாமல் விலகிய தங்கையை அழைக்க வேண்டியிருக்கலாம். நேர்ந்துகொண்ட பிரார்த்தனை நிற்கலாம். திருவரங்கத்தை ஒருமுறை சேவிக்க வேண்டும் என்றிருக்கலாம். ஒன்றுமில்லை என்று நம்பி அவள் எல்லாவற்றையும் தை மாதத்துக்கு ஒத்திப்போடுகிறாள்.

பரீட்சித்து மன்னனுக்கு ஏழு நாளில் மரணம் என்று சிறுவன் சிருங்கி சபித்துவிட்டான். சிருங்கியின் தந்தை சமீக முனிவர் மகன் செய்ததற்கு மிக வருந்தினார். வருந்தியவர் அதை மூடி மறைக்கவில்லை; கௌரமுகன் என்னும் சீடனை அரசனிடம் அனுப்பி உள்ளபடி சொல்லச் செய்தார் என்று மகாபாரதம் கூறுகிறது. நாள் கணக்குத் தெரிந்த அரசன் ஆட்சியைத் துறந்து கங்கைக்கரையில் வந்தமர்ந்தான் என்று பாகவதம் தொடர்கிறது. சாகப் போகிறவன் செய்யத்தக்கது என்ன என்று அவன் கேட்டான். சுகர் அங்கேயே அமர்ந்து விடை சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்க ஏழு நாட்கள் ஆயின.